ஹெவனுக்கு ஒரு சொல்

அக்கம்பக்கத்தில் அவளை ‘அகராதி’ என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுக்கும் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கடைக்காரரிடம் அவள் பேரம் பேசுவதைப் பார்த்தால் அந்தப் பட்டத்தின் இன்னொரு பொருளும் பொருந்தும் என்று கணவனே கிண்டல் செய்வான். அவன் லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் ஒரே மகள், எட்டு வயது. அம்மா வீட்டுக்குக் கொண்டுவரும் சொற்களில் வாய்க்குப் பிடித்ததைத் தன் பொம்மைகளுக்குப் பெயராக வைத்துவிடுவாள்.

அந்த மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள். பிறகு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருவரும் நின்றுகொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் வேலைக்குத் திரும்பியபோது, மேசையில் அவள் பொறுப்பிலிருந்த ‘எச்’ எழுத்துச் சொற்களின் சீட்டுகள் விட்ட இடத்திலேயே இருந்தன. ‘ஹீவ்’ இருந்தது, ‘ஹெவி’ இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய ‘ஹெவன்’ மட்டும் இல்லை. பதிப்பாசிரியர் அதை எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். அவளைவிடச் சின்னவர். அவள் எதிரில் வந்து நின்றதும் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“இத நான் பாத்துக்கறேன் மேடம்.”

“என் எழுத்து சார் அது. குடுங்க.”

கொடுத்துவிட்டார். அவள் வேலையைத் தொடங்கினாள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பன்மையில் வந்தால் வானம். ‘ஹெவன்ஸ்’ திறந்தன என்றால் அடைமழை கொட்டியது என்று அர்த்தம். பெரிய எழுத்தில் தொடங்கினால் சில இடங்களில் கடவுளே அதுதான். பழைய காதல் கவிதைகளில் காதலி இருக்கும் அறையும் அதுதான். ‘ஹெவன் அறியும்’ என்றால் எவனுக்குத் தெரியும் என்று கை விரிப்பது. வெந்நீர்க் குளியலுக்கும் சாக்லேட்டுக்கும்கூட அதே சொல்லைப் போட்டிருந்தார்கள். அவற்றைப் படித்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறந்தவர்கள் போய்ச் சேரும் இடம் என்ற பொருளுக்கு மட்டும் அவள் எடுத்துக்காட்டு எழுதாமல் தள்ளிப்போட்டாள்.

ஒருநாள் சாப்பிடும்போது, இப்போது எந்த வார்த்தை ஓடுகிறது என்று கணவன் கேட்டான். சொன்னாள். அவன் கை தட்டிலேயே நின்றது.

“அப்படி ஒரு இடம் இருக்குன்னுதானே அவங்களும் பேர் வெச்சிருக்காங்க?”

“அது வெறும் வார்த்தைங்க. பாதிப் பேர் நம்பாமத்தான் சொல்றாங்க.”

அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான். சொன்னது உண்மைதான், ஆனால் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு உடனே உறைத்தது. அதன்பிறகு வீட்டில் அவசியப் பேச்சு மட்டும்தான்.

சில வாரங்கள் கழித்து அவனோடு வேலை செய்பவர் அவளுக்குப் போன் செய்தார். பழுது சரியான பிறகும் அவன் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்துவிடுகிறான், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இதே கதைதான், பயமாக இருக்கிறது என்றார். அவள் பாதி வேலையில் எழுந்து அந்தக் கட்டடத்துக்கு ஓடினாள். லிஃப்டை அவன் நிறுத்தி வைத்திருந்ததால் படியேறி, மூச்சிரைக்க மாடிக்கு வந்தாள்.

மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து அவன் உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். அவளைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை.

“அவ இங்க இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா கீழ எறங்கும்போது அவள விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லுக்குச் சொல் எடை போடுகிறவள் இந்த முறை எடை போடவில்லை. “மேலதாங்க இருப்பா” என்றாள்.

நம்பிச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இருவரும் படி வழியாகவே இறங்கினார்கள்.

மறுநாள் அவள் எடுத்துக்காட்டை எழுதினாள்: அவளுடைய அப்பா ஹெவனை நிமிர்ந்து பார்த்தார். ஆங்கிலத்தில் அது வானமாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். தமிழில் வானம் என்று எழுதினால் மகள் இல்லை. சொர்க்கம் என்று எழுதினால் அவளுக்கே ஒட்டவில்லை. ‘மேலே’ என்று போட்டாள். மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்று நாம் சொல்லும்போது எவ்வளவு உயரம் என்று யாரும் கேட்பதில்லையே.

பதிப்பாசிரியர் அதை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். பெயர்ச்சொல்லுக்கு ‘மேலே’ சரியான இணையாகாது, விதி இடம் தராது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை என்று அவளுக்கும் தெரியும். வாதாடவில்லை.

அகராதி அச்சாகி வந்தபோது சொர்க்கம், விண்ணுலகம், வானம் என்று இருந்தது. கணவன் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னான். முழுவதையும் கேட்டுவிட்டு, “நீ எழுதினது எங்க?” என்றான்.

“எடுத்துட்டாங்க.”

என்ன எழுதியிருந்தாள் என்று கேட்டான். சொன்னாள். அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலும் அழாத மனிதன், மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதான். இருட்டிய பிறகும் அவள் விளக்கைக்கூடப் போடாமல் அவன் பக்கத்திலேயே இருந்தாள்.