கோப்பை மேல் நாணயம்

வெர்னாவுக்குப் பாம்பென்றால் ஆகாது. ஆனாலும் மகன் வேட் சிறைக்குப் போனதும் அவனுடைய பெண் மலைப்பாம்பு பிஸ்கட் அவள் தலையில்தான் விழுந்தது. அவன் வர இன்னும் ஆறு வருஷம். வாரம் ஒருமுறை போன் வரும். எடுத்ததும் ஒரே கேள்வி: "அம்மா, அவ சாப்பிட்டாளா?"

பிஸ்கட் ஏழு மாதமாகச் சாப்பிடவில்லை. அதை அவள் மகனிடம் மறைக்கவும் இல்லை.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் பழகிய கை. கராஜில் பாம்புக்குப் போடும் உறைந்த எலிகளுக்கென்றே ஒரு பழைய ஃப்ரிட்ஜ். அதில் மனிதர் தின்னும் எதையும் வைக்க மாட்டாள். காற்றுப் புகாத பைகள், ஒவ்வொன்றிலும் தேதி. முதல் நாளே கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, பையோடு வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியால்தான் நீட்டுவாள். பிறகு முழங்கை வரை சோப்பு. மேலே ஃப்ரீசரில் ஒரு கோப்பைப் பனிக்கட்டி, அதன் மேல் ஒரு நாணயம். கரண்ட் போய் எல்லாம் உருகினால் நாணயம் அடியில் போய்விடும். புயலுக்கு அடிக்கடி கரண்ட் போகும் கான்சஸில் வாழ்கிறவர்களின் காவல் அது.

அந்த ஜனவரியில் விழுந்ததும் பனிக்கட்டியாகிற உறைமழை பெய்தபோது அவள் தங்கை வீட்டில் மாட்டிக்கொண்டாள். நான்கு நாள் கழித்துத் திரும்பியதும் முதலில் ஃப்ரீசரைத்தான் திறந்தாள். நாணயம் மேலேயே இருந்தது.

மறுநாள் மாலை பிஸ்கட் இடுக்கியிலிருந்து எலியைப் பறித்துச் சுருட்டி விழுங்கியது. வெர்னா கராஜ் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மூன்றாம் நாள் பிஸ்கட் அந்த எலியைப் பாதி செரித்தபடி கக்கிப் போட்டிருந்தது. நாற்றம் பக்கத்து வீடு வரை போனது. பக்கத்து வீட்டு டெல்பர்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன வெர்னா, பள்ளிக்கூடச் சாப்பாட்டக் குடுத்துட்டியா?"

"எலி கெட்டிருக்காது டெல்பர்ட். நாணயம் மேலதான இருந்துச்சு!"

"அதுவா? உள்ள விழுந்து கெடந்துச்சும்மா, தண்ணிக்குள்ள. நீ ஊர்ல இல்லாதப்ப கரண்ட் வந்துச்சான்னு பாக்க வந்தேன், அப்ப. எடுத்து வெச்சிருந்து, ஐஸ் கட்டினதும் பழையபடி மேல வெச்சேன். ஒன் காசு, நீ தேடுவியேன்னு."

வெர்னா பிஸ்கட்டைத் துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனாள்.

மருத்துவர் பார்த்துவிட்டு, இவ்வளவு மெலிந்தது இனி தேறுவது கஷ்டம் என்றார். எலிகளையெல்லாம் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டாள். பிஸ்கட் தலையைத் தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"அம்மா, அவ சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாப்பா."

அந்தப் பக்கம் வேட் ஊரே கேட்கும்படி கத்தினான். யாரோ கைதட்டுவதும் கேட்டது. வெர்னா போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.