பெருந்துறையில் நின்றுபோன கம்பைலர்

தறியை இயக்கும் சின்ன சிப்புக்கு, சாதாரணக் கம்ப்யூட்டரில் இருந்தே புரோகிராம் தயாரித்துத் தரும் கம்பைலர் ஒன்றை நானே கட்டியிருந்தேன். வேகமாக ஓடட்டும் என்று, கட்டும்போது ‘நேட்டிவ்’ ஃப்ளாக் என்ற கட்டளையையும் சேர்த்துப் போட்டேன். என் புது லேப்டாப்பின் பிராசசருக்குத் தெரிந்த வித்தை அத்தனையையும் பயன்படுத்திக்கொள் என்று அதற்கு அர்த்தமுங்க.

பெருந்துறை மில்லில் அதைச் செய்துகாட்டப் போனேன். அந்த ஆர்டரை நம்பித்தான் என் தொழிலே இருந்தது. என் முறை வருமுன் அவர்கள் கம்ப்யூட்டர் ஒன்றில் ஏற்றிப் பார்த்தால், ஆரம்பித்ததுமே நின்றுபோனது. அது பழைய பிராசசர், என் வித்தைகள் அதற்குத் தெரியாது. ஃப்ளாக்கை எடுத்துவிட்டு லேப்டாப்பில் மறுபடி கட்ட ஒரு மணி நேரமாவது வேண்டும். உள்ளே போய்ச் செய்துகாட்ட அடுத்த முறை என்னுடையது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அதே ஆர்டருக்குச் சூலூரிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா கேட்டார். “ஏனுங் தம்பி, பிரசவ வார்டு வாசல்ல நடக்கற மாதிரி நடக்கறீங்க?”

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். “நானும் ஒருக்கா அதையே போட்டு மாட்டியிருக்கறனுங்க. நீங்க கட்டுங்க, நான் முன்னால போறேன்.”

“ஆர்டர் உங்களுக்குப் போயிருமேங்க்கா!” வாய்தவறிச் சொல்லிப்போட்டேன்.

“உங்களுது ஓடாம நான் ஜெயிச்சா, ஊட்ல போய்ச் சொல்லிக்க நல்லாவாங்க இருக்கும்?”

உள்ளே போனவர் லேசில் வெளியே வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன், பேச்சும் காதில் விழுந்தது. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் வெளியே வருவதற்குள் கட்டி முடித்துவிட்டேன். இந்தத் தடவை என் கம்பைலர் ஓடியது. ஆர்டரும் எனக்கே வந்தது. ஆனாலும் மனசு இன்னும் அடங்கவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் முன்னால் போயிருப்பேன். ஆனால் சீக்கிரமாக முடித்துவிட்டு வந்திருப்பேன்.