மாடி வீட்டுச் சாவி

நம்பாதவர்கள் புனிதாவையே கேட்கலாம். இதில் ஒரு வார்த்தைகூட அவள் கூட்டிச் சொன்னதில்லை. அதுவும், நடந்தது பட்டப்பகலில்.

விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கூட்டுறவுச் சங்கம் கட்டியது. எட்டு வீடுகள். ஒரு வீடு காலியானால் யாருக்குத் தருவதென்று சங்கம்தான் முடிவு செய்யும். கீழே இருட்டு வீட்டில் இருந்த புனிதா, பால்கனி வைத்த மாடி வீட்டுக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்தாள். கிடைத்ததோ, நேற்று வந்த கலைப்பிரியாவுக்கு. அன்றிலிருந்து தலைக்கு மேல் நாற்காலி நகர்ந்தாலே புனிதாவுக்கு வயிறு எரிந்தது.

போன ஆடி அமாவாசை. கலைப்பிரியா மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள்.

"அக்கா, சாவிய வெச்சிக்கோங்க. மூணு மணிக்குத் தண்ணி வரும். தொட்டிய ரொப்பிடுங்க."

3:05. புனிதா மாடியேறிக் குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டி நிரம்பும்வரை வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வழவழவென்று சிவப்புத் தரை. ஆளுயர ஜன்னல்கள். பால்கனியில் காற்றில் ஆடும் புதுப் புடவை. எல்லாம் எனக்கு வரவேண்டியது... கண்ணில் நீர் முட்டியது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவள் குழாயை மூடவில்லை.

கிரீச்... உள்ளறைக் கதவு பாதி திறந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை.

"ரொம்ப நாளா காத்துக்கினு இருக்கியா?"

பெண் குரல். கலைப்பிரியா இல்லை. புனிதாவுக்குக் கால் நகரவில்லை. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"பதினோரு வருஷம்."

"அவ இங்க இருக்கணுமா... வேணாமா?"

அத்தனை பயத்திலும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

"வேணாம்."

டக்... டக்...

காலடிகள் அவளைத் தாண்டின. படியிறங்கின.

யாரும் தெரியவில்லை.

மணி 3:17.

ஆறு மணிக்குப் போன் வந்தது. செஞ்சியில் பஸ் படியிலிருந்து விழுந்த கலைப்பிரியாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இனி மாடி ஏற முடியாது.

"அந்த வீடு இனிமே உனக்குத்தாம்மா" என்றார் சங்கச் செயலாளர் அரங்கநாதன். புனிதா வாங்கிக்கொள்ளவில்லை. கீழ் வீட்டையும் விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கலைப்பிரியா சொன்னதுதான் காரணம்.

"மூணேகால் இருக்கும்க்கா... பின்னாலருந்து யாரோ தள்னாங்க. திரும்பினா ஆளே இல்ல. காதுல மட்டும் ஒரு பொம்பள குரல்..."

"இன்னா சொல்லிச்சி?"

கலைப்பிரியா அவள் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"'கீழ் வீட்டுக்காரி வேணாம்னுட்டா'ன்னு."