ஓவனுக்குள் வைத்த ஃபைல்

எனக்குப் பயந்த சுபாவம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். பயமெல்லாம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலியில், அதாவது ஒற்றை அறையில், மூன்று பேர் வாழ்ந்தால் யாருக்கும் மூளை அப்படித்தான் வேலை செய்யும். மகள் நச்சரித்து ஓவன் வாங்கிய அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அதற்கென்று தனி ஒயர் இழுத்து, பெரிய பிளக் பாயிண்ட் போடச் சொன்னேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிக்கொள்ளலாமே என்றார் இவர். "மாட்டுங்க, நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு குர்லா ஸ்டேஷன்ல போய்ப் படுத்துக்கிடுதேன்" என்றேன். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் வைத்தேன். அதன் மேல் யாராவது துணி போட்டால் கத்துவேன். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால் கையிலேயே ஒன்று விழும்.

இவ்வளவும் பேசுகிற நானேதான் அந்த ஃபைலைக் கொண்டுபோய் ஓவனுக்குள் வைத்தேன்.

எங்கள் தாராவி சந்தில் எந்தப் பொருளும் சும்மா இருக்கக் கூடாது. வாஷிங் மெஷினுக்குள் போர்வை, ஃபிரிட்ஜ் தலையில் ஸ்கூல் பை, ஓவனுக்குள் கடாயும் அப்பளப் பாக்கெட்டும். சூடு இல்லாத நேரத்தில் ஓவனும் ஓர் அலமாரிதான். மறுநாள் வீட்டு சர்வேக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கோலி எத்தனையோ வருஷமாக எங்களுடையது என்று காட்ட எங்களிடம் இருந்ததெல்லாம் காகிதம்தான். மாமனார் காலத்து லைட் பில், ரேஷன் கார்டு, குடிசைவாசிகளுக்கு சர்க்கார் கொடுத்த போட்டோ பாஸ். அவை இல்லையென்றால், குடிசைகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிற கட்டடத்தில் எங்களுக்கு வீடு கிடையாது. அன்று காலை கொட்டிய மழையில் தகரம் ஒழுகி பீரோ முழுக்க ஈரம். எலித் தொல்லை வேறு. இரும்புப் பெட்டி, கதவு இறுக்கமாக மூடும், உயரத்திலும் இருக்கிறது என்று பிளாஸ்டிக் ஃபைலை அப்படியே ஓவனுக்குள் தள்ளிவிட்டு, பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பில் செம்பூருக்கு வேலைக்குப் போனேன். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் வண்டி மாற குர்லாவில் நிற்கிறேன். மகளிடமிருந்து போன். ஒன்பதாவது படிக்கிறாள்.

"மம்மி, ஃபிரெண்டுக்கு பர்த்டே கேக் போடுறேன். ஓவன சூடாக வச்சு பத்து நிமிஷம் ஆச்சு. மாவ உள்ள வச்சிரவா?"

"ஏட்டி, உள்ள பாத்தியா?"

"எதுக்கு? கடாயெல்லாம் நேத்தே வெளிய எடுத்துட்டேனே." பிறகு குரல் மாறியது. "மம்மி, ஒரு மாதிரி பிளாஸ்டிக் வாசம் வருது."

"சுவிட்ச அணைட்டி!"

"அணைச்சிட்டேன். பிளக்கையும் உருவிட்டேன். உள்ள ஒரே புகை, ஒண்ணுமே தெரியல."

அந்த நேரத்தில் பெற்றவள் என்ன சொல்ல வேண்டும்? வெளியே ஓடு என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது இது: "கதவத் தொறந்து ஃபைல எடுட்டி! நம்ம வீட்டுப் பேப்பர் பூரா அதுலதான் இருக்கு!"

"மாட்டேன். தொறந்தா காத்துப் போயி குப்புனு பிடிச்சிரும்."

அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன். "சனியனே, சொன்னதச் செய்யி!" பிளாட்பாரத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். போன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது. மாஹிமில் வேலைக்கு நிற்கிற இவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை.

வண்டி வந்தது. முண்டியடித்து ஏறினேன். கம்பியைப் பிடித்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. ஒருவேளை நான் சொன்னதைக் கேட்டுவிட்டாளோ? சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை என்று தினமும் திட்டுவேன். கடவுளே, இன்றைக்கும் கேட்டிருக்கக் கூடாதே என்று வாய்விட்டே சொன்னேன். நான் இறங்க வேண்டிய சயானுக்கு ஒரே ஒரு ஸ்டேஷன்தான். அந்த ஒரு ஸ்டேஷனுக்குள் எத்தனை விதமாக அவள் கையும் முகமும் வெந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டேன். இறங்கி, சாக்கடையும் மழைத்தண்ணீரும் கலந்து ஓடிய சந்துகளில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முழுசாக நின்றுகொண்டிருந்தாள். "சார்ஜ் போயிருச்சு மம்மி" என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் அவளைத் தாண்டிக்கொண்டு நேராக ஓவனிடம் போனேன். இன்று இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் கதவைத் திறக்கவே இல்லை. ஓவன் ஆறியிருந்தது. திறந்தேன். ஃபைல் உருகி கம்பித்தட்டோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். ரேஷன் கார்டும் போட்டோ பாஸும் ஓரம் கருகி மிஞ்சியிருந்தன. லைட் பில் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காகப் போயிருந்தது. அதற்கு நகல் வாங்கப் பிறகு எத்தனையோ நாள் லீவு போட்டு அலைந்தோம், ஒருவழியாகக் கிடைத்தது, சர்வேயிலும் பெயர் வந்துவிட்டது. அதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

சொல்ல முடியாதது வேறு. நான் தரையில் உட்கார்ந்து தாள்களை ஊதி ஊதிப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் வாசலை விட்டு உள்ளே வரவில்லை. அங்கிருந்தே கேட்டாள்.

"மம்மி, எல்லாமே எரிஞ்சிருந்தா என்னைய அடிச்சிருப்பியா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்; நான் கையிலிருந்த கருகிய தாளைப் புரட்டிப் பார்த்தேன். அவள் பதிலுக்காக அங்கேயே நின்றாள்.