உறைக்குள் இருந்த எண்

மேசான் என்பது கண்ணுக்கு அகப்படாத ஒரு நுண்துகள். அதன் நிறையைக் கணக்குப் போட்டே கண்டுபிடிப்பதுதான் ஒரு பேராசிரியரின் பிழைப்பு. தெரிந்த விடைக்கு ஏற்றபடி கணக்கை வளைத்துவிடுவோமோ என்ற பயம் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. அதனால் விடையை ஒரு ரகசிய எண்ணால் பெருக்கி மறைத்துவிட்டு, வேலை முடிந்த பிறகே அந்த எண்ணைப் பார்ப்பார்கள்.

பேராசிரியர் அந்தப் பொறுப்பைத் தையல்கடை வைத்திருக்கும் தன் மனைவியிடம் கொடுத்தார். அவர் திரும்பி நிற்க, அவள் கணினியில் எண்ணைத் தட்டி, அதையே ஒரு சீட்டில் எழுதி உறையிலிட்டு ஒட்டினாள்.

கணினி பெருக்கித் தந்த விடை, சோதனைக்கூடத்தில் அளந்த நிறையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. பேராசிரியர் அதை மனைவியிடம் சொல்லிவிட்டு, கணக்கை முதலிலிருந்து சரிபார்க்க உட்கார்ந்தார். பெருக்கிய விடையே சரியாக இருந்தால், உண்மையான விடை தப்பாகத்தானே இருக்கும்? பிழையைத் தேடி மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் கையை விரித்துவிட்டு உறையைக் கிழித்தார். உள்ளே ‘1’ என்று இருந்தது.

“ஒன்னால பெருக்கினா என்னம்மா மாறும்?” என்றார்.

“மாறக்கூடாதுன்னுதான் போட்டேன். நீங்க பாடுபட்டுப் போட்ட கணக்கை நான் ஏன் கெடுக்கணும்?” என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி. “விடை அப்படியே பொருந்துதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்புறம் மூணு வருஷமா ஏன் உர்ருனு இருந்தீங்க?”