சோப்புக்குப் பயந்த மருந்து

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு 'மூணு தண்ணி அக்கா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. பாட்டில், குடுவை எதுவானாலும் சோப்புப் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, கடைசியில் அதன் வாயில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பாள். சோப்பின் எலுமிச்சை வாசம் துளி வந்தாலும் நாலாவது தண்ணீர்தான். "போதும் அக்கா, பளபளன்னு இருக்கே" என்று யாராவது சொன்னால், "பளபளப்பை யாரு கேட்டா? மூக்கு ஒத்துக்கணும்" என்பாள். பதினேழு வருஷமாக இதே பேச்சு.

கழுவ வந்தவள் கழுவிவிட்டுப் போகக்கூடாதா? மாட்டாள். எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று குடைவாள். அங்கே உயிருள்ள கிருமி கிடையாது. கொரோனாக் கிருமியின் உறுப்புகளை மட்டும் தனித்தனியாகச் செய்து வைத்துக்கொண்டு, எதைப் பிடித்தால் அது அடங்கும் என்று தேடுகிற இடம். பக்கத்து அறைக் கதவில் 'வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள்' என்று ஒட்டியிருந்தது. உள்ளே கிருமியின் ஆர்.என்.ஏ. இருக்கிறது, விரல் பட்டாலே துண்டு துண்டாகிவிடும் என்று ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"விரல் பட்டா அறுந்துபோற நூலா மேடம் ஊரையே படுக்க வெச்சுது?"

"உறைக்குள்ள இருக்கிறவரைக்கும் அது பத்திரமா இருக்கும் அக்கா. நம்ம உடம்புக்குள்ள போயிட்டா, கிருமியை எப்படிச் செய்யணும்னு சொல்ற குறிப்பு அதுதான். நம்ம உடம்பே அதைப் படிச்சு நீளமா ஒரு புரதத்தைச் செஞ்சு குடுத்துடும். அதைச் சரியான இடத்துல வெட்டினாத்தான் கிருமிக்கு உறுப்பு கிடைக்கும். வெட்டுற கத்தரியும் அந்தப் புரதத்துக்குள்ளேயே இருக்கு."

"இடத்தையும் குடுத்து, கத்தரியையும் கையில குடுத்த கதையா! அப்ப அந்தக் கத்தரியைப் பிடிச்சுக்கிட்டா?"

"அதத்தான் ரெண்டு வருஷமாப் பண்றேன்" என்றாள் அந்தப் பெண்.

முப்பது வயதுதான் இருக்கும் அவளுக்கு, அதற்குள் முன்னந்தலையில் நரை. வெட்டுப்பட்டால் ஒளிர்கிற ஒரு பொருளைக் கத்தரியோடு சேர்ப்பாள். அதோடு ஒரு மருந்தையும் சேர்ப்பாள். ஒளி ஏறாவிட்டால் மருந்து கத்தரியைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எத்தனையோ மருந்துக்குப் பிறகு இருபத்தேழாம் எண் மருந்து பிடித்தது. கூடமே கைதட்டியது. ஆனால் இரண்டு மாதமாக அதுவும் கண்ணாமூச்சி ஆட ஆரம்பித்தது. ஒரு நாள் கெட்டியாகப் பிடிக்கும், மறுநாள் 'நீ யாரோ, நான் யாரோ' என்று விட்டுவிடும். இயந்திரத்தைச் சந்தேகப்பட்டார்கள், குளிர்பெட்டியைச் சந்தேகப்பட்டார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கூட்டத்தில், இதை மேலே, அடுத்த கட்டச் சோதனைக்குக் கொண்டுபோகலாமா வேண்டாமா என்று பெரியவர் முடிவு சொல்லப்போகிறார். கூடத்துக்குத் தலைவர் அவர்தான். அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

அக்காவுக்கு ஒரு பயம் இருந்தது. யாரிடமும் சொல்லாத பயம். இரண்டு மாதத்துக்கு முன்னால் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்து போனது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள், அவள் மூக்கு மட்டும் எழவில்லை. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. மூக்கு செத்தவளை வேலையில் வைத்துக்கொள்வார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது மாதிரி மறைத்தாள். தினமும் பாட்டிலில் மூக்கை வைத்து, வாசம் பிடிப்பதுபோல் நடித்து, அலமாரியில் அடுக்கினாள். என்ன பிழைப்பு இது!

மருந்து ஆட்டம் காட்ட ஆரம்பித்ததும் தன் மூக்கு போனதும் ஒரே மாதம் என்பது ஒருநாள் கழுவிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. ஒரு பாட்டிலைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் புருஷன்.

"இதை மோந்து பாருங்க."

"ஏண்டி, வீட்டுக்கு வந்தா தண்ணி குடுப்பாங்க, நீ காலிப் பாட்டிலைக் குடுக்கிறே?" என்றபடி மோந்தார். "எலுமிச்சை. கும்முனு இருக்கே."

மூன்று தண்ணீர் என்பதெல்லாம் பேருக்குத்தான். பாதிப் பாட்டில்களுக்கு நாலாவது தண்ணீர் தேவைப்பட்டிருக்கிறது. இத்தனை வருஷம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது மூக்கு. அது போனதும் எல்லாம் மூன்றோடு நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் ஆறு தண்ணீர். ஐந்து நாளும் இருபத்தேழு கெட்டியாகப் பிடித்தது. "அக்கா, சரியாயிடுச்சு!" என்று அந்தப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையும் தப்பும், மருந்தும் மேலே போகும். வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள்.

இவளுக்கு மண்டை குடைந்தது. ஒட்டியிருந்த சோப்பு ஒரு சொட்டுகூட இருக்காது. அது கத்தரியைக் கெடுத்திருந்தால் ஒளியே வந்திருக்காதே? ஆனால் ஒளி ஜோராக வந்தது, கத்தரி ஜோராக வெட்டியது. கத்தரியை விட்டு ஓடிப்போனது மருந்துதான். துளி சோப்புக்கே பயந்து ஓடுகிறது, இது என்ன மருந்து? உடம்புக்குள் போய் அது எதைப் பிடித்து நிற்கும்?

வியாழக்கிழமை மத்தியானம் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போய், மூக்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ஏன் அக்கா முன்னாடியே சொல்லல? ரெண்டு மாசம் பைத்தியக்காரி மாதிரி அலைஞ்சேனே!"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன் மேடம். என்னைத் திட்டுங்க. ஆனா சோப்பு பட்டா அது ஏன் ஓடுது? அதை மட்டும் பார்த்துடுங்க."

அந்தப் பெண் முறைத்தாள். பிறகு சுத்தமான பாட்டில் இரண்டை எடுத்து, இரண்டிலும் கத்தரியையும் ஒளிர்கிற பொருளையும் இருபத்தேழையும் சேர்த்து, ஒன்றில் மட்டும் வேண்டுமென்றே ஒரு சொட்டுச் சோப்பு விட்டாள். இருவரும் திரையின் முன் உட்கார்ந்தார்கள். சோப்பில்லாத பாட்டிலின் ஒளிக்கோடு படுத்தே கிடந்தது. சோப்பு விட்டது விறுவிறுவென்று ஏறியது. மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் அதே.

"மாவைத் தண்ணியில கொட்டினா கட்டி கட்டியா நிக்கும்ல அக்கா? இந்த மருந்து அப்படித்தான் மிதந்திருக்கு. கத்தரி போய் அந்தக் கட்டியில ஒட்டிக்கிச்சு. எந்தப் புரதத்தைப் போட்டிருந்தாலும் இப்படித்தான் ஒட்டியிருக்கும். சோப்பு கட்டியைக் கரைச்சதும் விட்டுடுச்சு. இதை நான் முதல் நாளே சோதிச்சிருக்கணும்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்தவள் நாம்தான் என்று அக்காவும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அக்காவையும் கூப்பிட்டார்கள். ஈரக் கவுனோடு கதவோரம் நின்றாள்.

"மூக்கு போனதை ஏம்மா மறைச்சீங்க?" என்றார் பெரியவர்.

அவள் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் எழுந்தாள். "சார், அவங்க சொல்லாம இருந்திருந்தா இன்னிக்குக் கூட்டம் நல்லாத்தான் போயிருக்கும். இன்னும் ரெண்டு வருஷம் இந்தக் கட்டியைக் கட்டிக்கிட்டு அழுதிருப்போம்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தங்க மூக்கை நம்பி ஆராய்ச்சி நடத்தினது நம்ம தப்பு. அலசின தண்ணியில மிச்சம் என்ன இருக்குன்னு பார்க்க மீட்டர் இருக்கு, இவங்களுக்குக் கத்துக்குடுங்க. இனிமே எந்த மருந்தையும் முதல் நாளே சோப்பு விட்டுப் பாருங்க."

வீட்டுக்குப் போனதும் புருஷன் வாசலிலேயே கேட்டார். "என்ன ஆச்சு? வேலை இருக்கா, போச்சா?"

"வேலை இருக்குங்க. மருந்துதான் போச்சு." சொன்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். "அது நிஜமா இருந்திருந்தா, இன்னொருத்தர் மூக்காவது பிழைச்சிருக்கும்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "வேற மருந்து இல்லையா?" என்றார்.

"இருக்கு. திங்கட்கிழமை இருபத்தெட்டு" என்றாள். "பாட்டிலை இன்னிக்கே கழுவி வெச்சுட்டுத்தான் வந்தேன்."