தானாக உதிர வேண்டிய பக்கு

அருள்மொழியின் இடது தாடையில், காதுக்கும் மோவாய்க்கும் நடுவில், ஒரு மச்சம் இருந்தது. பாதிப் புளியங்கொட்டை அளவு, சற்று எழும்பி, கன்னங்கரேலென்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில் முதலில் எழுதியிருந்தது அதைத்தான். இருபத்துநாலு வயதுவரை வீட்டில் யாரும் அதை நல்லது என்றும் சொன்னதில்லை, கெட்டது என்றும் சொன்னதில்லை. கையும் காலும் இருப்பதுபோல அதுவும் இருந்தது.

அவளுக்கு ஜவ்வரிசி மில்லில் களத்து வேலை. கச்சிராயபாளையம் போகிற வழியில் மில். ஈர ஜவ்வரிசியைச் சிமெண்ட் களத்தில் பரப்பி, காயக் காயக் கிளறிவிட வேண்டும். மேலே வெயில், கீழே கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. தலையில் துண்டைக் கட்டினால் நெற்றி தப்பும். தரையிலிருந்து எழும்பும் காந்தல் மோவாய்க்கு அடியில் புகுந்துவிடும். கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கிவிட்டால் ஓட்டம்தான், மழை வருவதற்குள் அத்தனையையும் வாரிக் குவித்துத் தார்ப்பாய் மூட வேண்டும். பதினெட்டு வயதில் அந்தக் களத்தில் இறங்கியவள். கல்யாணம் என்றால் அவளுக்கு முதலில் தோன்றியது, அந்த வெள்ளையை இனிப் பார்க்க வேண்டாம் என்பதுதான்.

தரகர் ராமசாமி தியாகதுருகத்திலிருந்து ஒரு வரனைக் கொண்டுவந்தார். பையன் சரத்குமார், சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அப்பா இல்லை. அம்மா அஞ்சலாட்சி தனியாளாக வளர்த்த ஒற்றைப் பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்று அஞ்சலாட்சி அருள்மொழியின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது. இது ஒண்ணுதான்" என்றாள். "தாடைல மச்சம் இருந்தா மாமியாருக்கு ஆவாதும்பாங்க. நானு அதெல்லாம் பாக்கறவ இல்ல. ஆனா நாளைக்கி எனக்கு ஒண்ணுன்னா, ஊரு உங்க பொண்ணத்தான சொல்லும்? இப்பல்லாம் பத்து நிமிசத்துல எடுத்துடறாங்களாம்."

பெண்ணின் நன்மைக்காகச் சொல்வதுபோலவே இருந்தது. அருள்மொழியின் அப்பா பழனி தலையாட்டினார். கரும்பு வெட்டும் கூலிக்காரர். பெண்ணைப் பெற்ற நாளிலிருந்தே தலையாட்டப் பழகியவர். அம்மா சாலம்மாள் மட்டும், "சின்னதுலேர்ந்து இருக்கறது" என்று இழுத்தாள்.

சரத்குமார் போன் செய்தான். "எனக்கு அது இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா. அம்மாவுக்காக எடுத்துடு அருளு."

'எனக்கு அது இருந்தா இன்னா' என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் இரண்டு நாள் மனசில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை. அவளேதான் விருப்பப்பட்டுப் போனாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் அந்த இடம். சுவரில் சிரிக்கும் வெள்ளை முகங்கள். கோட்டுப் போட்ட ஆள் மரத்துப்போக ஊசி போட்டு, பேனா மாதிரி ஒன்றால் சுட்டு எடுத்தான். வலி தெரியவில்லை, நாற்றம் தெரிந்தது. மயிர் பொசுங்கினால் வருமே, அந்த நாற்றம். தன் உடம்பிலிருந்து வருகிறது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எடுத்ததைப் பஞ்சில் சுற்றி அவன் குப்பைக்கூடையில் போட்டதைப் பார்த்தாள்.

ஒரு தாளைக் கொடுத்து மளமளவென்று படித்தான். முதல் நாள் தண்ணீர் படக்கூடாது. அப்புறம் சோப்புத் தண்ணியால் மெல்லக் கழுவி, துணியால் ஒற்றி, களிம்பு தடவ வேண்டும். பக்கு கட்டும், அதைத் தொடக்கூடாது, கிள்ளக்கூடாது, தானாக உதிர வேண்டும். வெயில் ஆகவே ஆகாது. ஆறின பிறகும் மூன்று மாதத்துக்கு வெயில் க்ரீம்.

"களத்துல வேலங்க எனக்கு" என்றாள்.

"வெயில் படாம பாத்துக்கோங்க" என்றான் அவன், அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே.

பழனி அன்றைக்கே சொல்லிவிட்டார். "நீ மில்லுக்குப் போவாத. ஆறுற வரிக்கும் வூட்லயே இரு. நானு எங்கனா ஜாஸ்தி வேல பாத்துக்கறேன்." அப்படியே வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலும் போய் நின்றார்.

அருள்மொழி அந்தத் தாளை விரதம்போலக் கடைப்பிடித்தாள். காலையும் மாலையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வெந்நீரில் கொதிக்கவைத்த துண்டால் ஒற்றினாள். குழம்பு தாளிக்கும்போது அடுப்புப் பக்கம் போகவில்லை. வலப்பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தாள். சாலம்மாள் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தபோது, "தாள்ல அது இல்லம்மா" என்று திருப்பி அனுப்பினாள். ஆறாம் நாள் பக்கு காய்ந்து கெட்டியானது. எட்டாம் நாள் ஓரம் லேசாகத் தூக்கியது. தூக்கிய ஓரத்துக்கு அடியில் தெரிந்த தோல் இளஞ்சிவப்பாக, குழந்தை உள்ளங்கை மாதிரி இருந்தது. அரித்தது. அரிப்பு தாங்காமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் தொடவில்லை.

பத்தாம் நாள் அஞ்சலாட்சி வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"இன்னா, ஆறிச்சா? காட்டு பாக்கலாம்." பக்கத்தில் உட்கார்ந்து முன்போலவே மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். "இன்னும் கறுப்பாத்தான கீது?"

"அது பக்கு அத்தை. தானா வுழணும்னு சொன்னாங்க."

"தோ, பிரிஞ்சிக்கினுதான கீது."

சொல்லி வாய் மூடுவதற்குள் நகத்தைக் கொடுத்துவிட்டாள். ஓரம் சுலபமாக வந்தது, நடு வரவில்லை. அவள் விடவில்லை. நிலக்கடலைத் தோலை உரிப்பதுபோல, கொஞ்சம் கவனமாகவே, இழுத்துப் பிய்த்தாள். ரத்தம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கியது.

"ஒண்ணும் இல்ல, புது ரத்தம். தேங்கா எண்ண தடவு" என்று விரலைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சாலம்மாள் காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். பழனி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அருள்மொழியின் கைகள் மடியில் இருந்தன. அவற்றை யாரும் கட்டிப்போடவில்லை. அஞ்சலாட்சியின் கையைத் தட்டிவிட அரை நொடி போதும். வரப்போகிற மாமியாரின் கை என்று, வலியைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு அவள் முகத்தைக் காட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

பிய்த்த மூன்றாம் நாள் சீழ் வைத்தது. காய்ச்சலும் வந்தது. மாடியில் இருந்த ஆள் போனில், "கிள்ளக்கூடாதுன்னு தாள்லயே இருக்கே" என்று சொல்லி, ஒரு மாத்திரைப் பெயரைக் குறிக்கச் சொன்னான். சீழ் வற்றியது. அதற்குள் பழனிக்குக் கரும்புத் தோகை கிழித்துக் கை வீங்கிவிட, அருள்மொழி மறுபடி களத்தில் இறங்கினாள். துப்பட்டாவைத் தாடையோடு இறுக்கிக் கட்டினாள். வியர்வையில் அது நனைந்து, ஜவ்வரிசி மாவு ஒட்டி, புண்ணோடு புண்ணாகக் காய்ந்தது.

இரண்டு மாதத்தில் புண் மூடியது, ஆனால் அடங்கவில்லை. மூடிய இடம் தடித்துப் பளபளவென்று எழும்பி, காதுப் பக்கமாக மண்புழுபோல நீண்டது. மச்சம் இருந்ததைவிட மூன்று பங்கு இடம். தொட்டால் குத்தியது.

சரத்குமாரின் போன் தினம் என்பது வாரம் என்று ஆயிற்று. பிறகு ராமசாமி வந்தார். உட்காராமலே பேசினார்.

"அந்தம்மா வேணாங்கறாங்க பழனி. ஒரு சின்னப் புண்ணு ஆறல, பொண்ணுக்கு ரத்தமே கெட்ட ரத்தமாட்டம் கீதுன்னு பயப்படறாங்க. பொறக்கற கொழந்தைக்கும் வரும்னு."

பழனி அதற்கும் தலையாட்டினார். அருள்மொழி உள்ளே போய் சரத்குமாருக்குப் போன் போட்டாள்.

"மாமா, உங்கம்மாதான் பிச்சாங்க. உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தொட்டுப் பாத்தாங்க, அவ்ளோதான். பெரியவங்க தொட்டா புண்ணாயிடுமா?" என்றான். பிறகு, "மச்சமே இருந்திருக்கலாம் அருளு" என்றான். அதை அவன் வருத்தமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

கெட்ட ரத்தம் என்ற பேச்சு மில்லுக்கும் வந்து சேர்ந்தது. மதியச் சாப்பாட்டில் ஒரே சட்டியிலிருந்து குழம்பு ஊற்றிக்கொண்ட பெண்கள் சிலர் தங்கள் கரண்டியைத் தனியாக வைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் மாதம் அவள் தனியாகக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் போனாள். தோல் டாக்டர் இளவயதுப் பெண். விளக்கைத் திருப்பித் தழும்பைப் பார்த்தார். தொடுவதற்கு முன், "தொடலாமா?" என்று கேட்டார். அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இது நோய் இல்லம்மா. சில பேர் தோலே அப்படி, காயம் பட்டா தேவைக்கு மேல வளரும். தாடைல இன்னும் ஜாஸ்தி. யாருக்கும் ஒட்டாது, ரத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினாங்களா?"

"குப்பைல போட்டாங்க."

டாக்டரின் பேனா ஒரு கணம் நின்றது. "சரி. பக்கு தானா விழுந்துச்சா? யாராவது பிச்சாங்களா?"

அருள்மொழி சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தாள். "நானே பிச்சிட்டேன்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று திரும்புகிற பஸ்ஸில் யோசித்தாள். அஞ்சலாட்சியைக் காப்பாற்றுவதற்கு இல்லை. இன்னொருத்தி பிய்க்கும்போது முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வதைவிட, நானே பிய்த்தேன் என்பது கௌரவமாக இருந்தது.

மாதம் ஒரு ஊசி, தழும்புக்குள்ளேயே. மாடியில் சுட்டபோது தெரியாத வலி இதில் தெரிந்தது. ஏழு மாதம் போனாள். தடிப்பு பாதியாகத் தணிந்தது, குத்தல் நின்றது. நிறம் போகவில்லை. "இதுக்கு மேல குறையலாம், மறையாது" என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

போன தை மாதம் திருக்கோவிலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனின் அக்கா தழும்பைப் பார்த்து, "அது இன்னாங்க?" என்றாள். பழனி, சின்ன வயசில் வெந்நீர் கொட்டியது என்று ஆரம்பித்தார். அருள்மொழி குறுக்கே பேசினாள்.

"மச்சம் இருந்திச்சிங்க. எடுத்தா கட்டிக்கறோம்னாங்க, எடுத்தேன். ஆறிக்கினு இருந்தத அந்த மாமியாரே பிச்சிட்டாங்க. நானு சும்மா உக்காந்துக்கினு இருந்தேன்."

அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு சொல்லி அனுப்பவில்லை.

அவர்கள் போன மறுநாள் காலை, மில்லுக்குக் கிளம்பித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டிருந்தவளிடம் பழனி வந்து நின்றார். தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கி நானு எழுந்திரிச்சி அந்தம்மா கைய புடிச்சிருக்கணும் அருளு."

அவர் காத்திருந்தார். பரவாயில்லப்பா என்ற ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் வெல்லக் கொட்டகையில் நின்ற நாட்களும் நினைவுக்கு வந்தன. வாய்வரை வந்ததை அவள் சொல்லவில்லை.

"ஆமாம்பா. புடிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள்.